சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் வளர்ச்சியை எதிர்த்துத்தான் ஆக வேண்டுமா? பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்கள் எழுதுங்கள்

மூலத்தறை எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறையில் டீக்கடை பெஞ்சில் ஆரம்பித்த பேச்சு இன்னும் மண்டையை விட்டுப் போகவில்லை, அதனால் இங்கே கொண்டுவருகிறேன். எனக்கு வேண்டிய இரண்டு பேர், இருவரும் கோகோ கோலா ஆலை தண்ணீர் உறிஞ்சுவதை எதிர்த்த பிளாச்சிமடைப் போராட்டப் பந்தலில் வெயிலும் மழையும் பார்த்தவர்கள். கஞ்சிக்கோட்டுப் பக்கம் வரப்போகிற தொழிற்சாலை ஸ்மார்ட் சிட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர், சூரிய மின்சாரம், கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாம் ஒழுங்காகச் செய்தால் வரட்டுமே, நம் பிள்ளைகள் பெங்களூர் பஸ் பிடிக்க வேண்டாம் என்றார். இன்னொருவர் எழுந்தே விட்டார். வளர்ச்சிதான் நோய், அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்தால் மருந்தாகிவிடுமா என்று கேட்டார். டீ ஆறிப்போனது, இருவரும் தனித்தனியாக வண்டி எடுத்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு எட்டு ஏக்கர் தென்னை. தாத்தா வெட்டிய கிணறு நாற்பது அடி, அதில் மாடு கட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்ததைச் சின்னப் பையனாக நானே பார்த்திருக்கிறேன். அப்பா அதே கிணற்றுக்குள் சைடு போர் போட்டார். நான் 2003-இல் 450 அடி, 2017-இல் 900 அடி. ஒவ்வொரு தடவையும் போர் வண்டிக்காரர், கேசிங் குழாய்க் கடை, மோட்டார் கடை, பேங்க் வட்டி என்று லட்சக்கணக்கில் பணம் புரண்டது. அந்தப் பணம் முழுவதும் நாட்டின் கணக்கில் வளர்ச்சி. தண்ணீர் கீழே போனது மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கெடுப்புகளில், கேரளத்தில் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட இடம் என்று பெயர் வாங்கியது நம் சித்தூர் பிளாக்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். ரூபாய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது எனக்கு இரண்டாவதுதான். ஊரின் தண்ணீரைத் தொடுகிற எதையும் அந்த ஊர் அளந்து பார்த்துத்தான் விட வேண்டும், பச்சைத் தொழிற்சாலை என்றாலும் சரி, என் தென்னந்தோப்பு என்றாலும் சரி.

கஞ்சிக்கோடு ஷிப்ட் எழுதியது:

அண்ணா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் "ஊர் அளந்து விடும்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது எந்த ஊர் என்பதுதான். என் தாத்தா ஒரு களத்தில், அதாவது நிலக்காரர் பண்ணையில், பண்ணையாள். கூலி நெல், அதுவும் அவர்கள் அளக்கிற மரக்காலில். டீக்கடையில் அவருக்குச் சிரட்டை. எங்கள் அப்பா கஞ்சிக்கோட்டில் ஓர் உருக்கு ஆலைக்கு வேலைக்குப் போன அன்றுதான் எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒருவர் யாருடைய களத்துக்கும் போகாமல் விடிந்தது. அந்த ஆலைப் புகையில் அவர் நெஞ்சு கெட்டது, அதுவும் உண்மை. இன்றைக்கும் ராத்திரி அவர் இருமுவதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். இருந்தாலும் திரும்பப் போகிறாயா என்று கேட்டால் மாட்டேன் என்பார்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசினாரே, கிராமம் என்பது குறுகிய பார்வையின் சாக்கடை, அறியாமையின் குகை என்று, அதைத் தாண்டாமல் சிற்றூர் பொருளாதாரம் பேச முடியாது. ஓர் இந்தியரின் பங்குக்கு வருஷத்துக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்ஸைடு, அமெரிக்கர் ஒருவருக்குச் சுமார் 14 டன். குறைக்கிறவர்கள் அவர்களாக இருக்கட்டும். நமக்கு ஆலை வேண்டும், சுத்தமான ஆலை. இங்கிலாந்து 1990-இல் விட்ட புகையில் கிட்டத்தட்டப் பாதிதான் இப்போது விடுகிறது, பொருளாதாரமோ பெருத்திருக்கிறது. முடியாது என்று யார் சொன்னது?

சித்தூர் டீச்சர் எழுதியது:

பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொன்ன இங்கிலாந்துக் கணக்கு சரி. பசுமை வளர்ச்சிக்காரர்களின் பெரிய ஆதாரமே அதுதான்: பொருளாதாரம் ஒரு பக்கம் ஏற, புகை இன்னொரு பக்கம் இறங்கலாம், இரண்டையும் கட்டியிருக்கிற கயிற்றை அறுத்துவிடலாம். எதிர்க்கட்சி என்ன சொல்கிறது என்றால், கயிறு அங்கே அறுந்திருக்கலாம், முடிச்சு வேறு ஊரில் விழுந்திருக்கிறது. நிலக்கரியை மூடியதில் குறைந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் இறக்குமதி செய்கிற சாமான்களுக்காகச் சீனத்திலும் இந்தியாவிலும் வெளிவரும் புகையைச் சேர்த்தால் இறக்கம் சிறியதாகிவிடுகிறது. இது புகைக்கு மட்டும். மண், கல், தாது, மரம், பயிர் என்று உலகம் பூமியிலிருந்து எடுத்தது 1970-இல் சுமார் 3,000 கோடி டன், இப்போது 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. அந்தக் கயிறு அறுந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் எதிர்க்கட்சியும் ஒரே கட்சி இல்லை, அதைத்தான் டீக்கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1972-இல் ரோம் கிளப் என்ற சிந்தனையாளர் அமைப்புக்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆட்கள் "வளர்ச்சிக்கு எல்லைகள்" அறிக்கை எழுதினார்கள், கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் அடுத்த நூறு வருஷத்துக்குள் முட்டிக்கொள்ளும் என்றார்கள். அதே வருஷம் பிரான்ஸில் சிந்தனையாளர் ஆந்த்ரே கோர்ஸ், வளர்ச்சிக்குறைப்பு, அதாவது பொருளாதாரத்தின் அளவையே சுருக்குவது, என்ற சொல்லை முன்வைத்து, முதலாளித்துவம் அதைத் தாங்குமா என்று கேட்டார். அது இடதுசாரிக் கேள்வி. பொருளாதார அறிஞர் ஹெர்மன் டேலி காட்டியது வேறு வழி: ஒரு குறிப்பிட்ட அளவில் நிறுத்திக்கொள்ளும் பொருளாதாரம், உள்ளே சந்தை இருக்கலாம், மொத்த அளவுக்கு மட்டும் பூட்டு. இந்த மனிதர் 1988 முதல் 1994 வரை உலக வங்கியிலேயே வேலை பார்த்தவர். அவருடைய ஆசிரியர் ஜார்ஜெஸ்கு-ரோகனோ சீடன் சொன்னதை ஒப்புக்கொள்ளவில்லை. நிறுத்தி வைப்பதும் நடக்காது, எடுத்த தாது சிதறிக்கொண்டே போகும், கடைசியில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றார். குருவுக்கும் சீடனுக்குமே ஒத்துப்போகவில்லை, நம் டீக்கடை எம்மாத்திரம்.

நம் பக்கத்திலேயே பாருங்கள், சைலன்ட் வேலிக் காடு. அங்கே குந்திப்புழை ஆற்றில் அணை வேண்டாம் என்று சொன்னவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் சொல்லவில்லை. சுகதகுமாரி போன்ற கவிஞர்கள் காட்டுக்கு அதன் சொந்த உயிருக்காகவே நிற்க உரிமை உண்டு என்றார்கள். கேரளத்து மக்கள் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத் அப்படிப் பேசவில்லை. அவர்கள் மின்சாரக் கணக்கைக் கையில் எடுத்து, இந்த அணை இல்லாமலேயே மலபாருக்கு வெளிச்சம் தரலாம் என்று 1979-இல் அறிக்கை போட்டார்கள். அவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகளே இல்லை. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது, இரண்டு கூட்டமும் தங்கள் வாதம்தான் ஜெயித்தது என்று இன்றுவரை நம்புகிறது.

கோபாலபுரம் எழுதியது:

டீச்சர் சொன்ன "முடிச்சு வேறு ஊரில்" என்பது எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது.

ஐரோப்பாவில் செடி வளர்க்கச் சதுப்பு நிலத்தைத் தோண்டி பீட் மண் எடுப்பார்கள், அதைத் தோண்டினால் அதில் அடைந்து கிடந்த கார்பன் வெளியேறும். அதனால் அதை விட்டுவிட்டுத் தேங்காய் நார்த்தூளுக்கு மாறுகிறார்கள். நல்ல காரியம்தான், பூமிக்கு நல்லது என்று பாக்கெட்டிலேயே எழுதி விற்கிறார்கள். அந்தத் தூள் எங்கிருந்து போகிறது? பொள்ளாச்சி, கோபாலபுரம், எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாம்.

நார்த்தூளில் இயற்கையாகவே உப்பு இருக்கிறது, அப்படியே செடிக்கு வைத்தால் வேர் கருகிவிடும். அதனால் கழுவ வேண்டும். நல்ல விலை வேண்டுமென்றால் நல்ல தண்ணீரில் பல தடவை கழுவ வேண்டும், இன்னும் உசத்தியான சரக்குக்குக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊற வைத்து மறுபடி கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் கருப்பட்டிக் காபி நிறத்தில் வரும். எங்கள் தோட்டத்துக்கு மேற்கே ஒரு மில் இருக்கிறது, பெயர் வேண்டாம். நாலு வருஷமாக எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடத்தில் நிறுத்தி வைத்தால் இரண்டாம் நாள் அடியில் மஞ்சளாக இறங்குகிறது, சோறு வடித்தால் வாசம். மாட்டுக்கு வைத்தால் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. குடிக்க இருபது லிட்டர் கேன் வாங்குகிறோம்.

அந்த மில்லில் என் சொந்த நாத்தனார் வேலை செய்கிறாள், அவள் சம்பளத்தில்தான் இரண்டு பெண் பிள்ளைகள் காலேஜ் போகிறார்கள். மூடு என்று நான் எந்த வாயால் சொல்ல? ஆனால் அங்கே ஒருவர் பால்கனியில் பச்சையாக இருக்க, இங்கே நான் கேன் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறேன் என்பதை யாராவது கணக்கில் எழுதுங்கள்.

மூலத்தறை எழுதியது:

அம்மிணி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

என் பங்குக்கு நான் செய்ததையும் சொல்கிறேன். சொட்டுநீர் போட்டேன், மானியம் கிடைத்தது. பாத்தி கட்டிப் பாய்ச்சியபோது ஒரு மரத்துக்குப் போன தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கியது. சேமித்த தண்ணீரை என்ன செய்தேன்? நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்த மூன்று ஏக்கர் மேட்டுக்காட்டில் தென்னங்கன்று வைத்தேன். மோட்டார் ஓடும் நேரம் குறையவே இல்லை, இன்னும் கூடியது. 1865-இல் ஜெவன்ஸ் என்ற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் நிலக்கரியை வைத்து இதையேதான் எழுதினாராம்: எஞ்சின் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு கூடும், ஏனென்றால் எஞ்சின்கள் பெருகும். மேட்டுக்காட்டில் நின்று பார்த்தால் எனக்கு அது புத்தகப் பேச்சாகத் தெரியவில்லை. தொழில்நுட்பம் வேண்டும், ஆனால் மேலே மொத்தமாக ஒரு அளவு வைக்காமல் தொழில்நுட்பம் மட்டும் கொடுத்தால் என்னைப் போன்றவன் கன்றுதான் வைப்பான். டேலி சொன்ன பூட்டு எனக்கு அங்கேதான் புரிகிறது.

நொய்யல் கரை எழுதியது:

நான் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தவன், சுருக்கமாகச் சொல்கிறேன். 2011 ஜனவரியில் ஹைகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னது, ஒரே ராத்திரியில் வேலை போனது. அப்புறம் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு வந்தது, நொய்யலுக்கு அது நல்லதுதான், மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தண்ணீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்க விறகும் கரண்டும் எவ்வளவு என்று உள்ளே நின்று பார்த்தவனுக்குத் தெரியும். மிஞ்சிய உப்புச் சகதி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. சுத்தமான ஆலை வேண்டும் என்கிற தம்பியின் பக்கம்தான் நான், ஆனால் சுத்தத்துக்கும் விலை உண்டு.

கஞ்சிக்கோடு ஷிப்ட் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். கோபாலபுரம் அக்கா எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் இன்னொரு விஷயத்தையும் நேராகப் பேசிவிட வேண்டும். வளர்ச்சிக்குறைப்பு எழுதுகிறவர்கள் அடிக்கடி கேரளத்தை உதாரணம் காட்டுகிறார்கள்: வருமானம் குறைவு, ஆனால் படிப்பு, ஆயுள், மருத்துவம் எல்லாம் பணக்கார நாட்டுக்குப் பக்கத்தில், ஆகவே வளர்ச்சி இல்லாமலே நன்றாக வாழலாம் என்று. எழுபதுகளில் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்கப்புறம் இந்த மாநிலம் எதில் ஓடுகிறது? கல்ஃபில் தோண்டுகிற எண்ணெய்ப் பணத்தில். ஒற்றப்பாலம் போய் வீடுகளைப் பாருங்கள். புகை அங்கே, மார்பிள் இங்கே. டீச்சர் இங்கிலாந்துக்குச் சொன்ன கணக்கு கேரளத்துக்கும் பொருந்தும்.

இன்னொன்று. வளர்ச்சிக்குறைப்புக்காரர்களிலேயே ஜேசன் ஹிக்கல் போன்றவர்கள், குறைக்க வேண்டியது பணக்கார நாடுகள், ஏழை நாடுகளுக்கு இடம் விட வேண்டும் என்றுதான் எழுதுகிறார்கள். அப்படியென்றால் நம் ஊரில் அதை ஏன் சொல்ல வேண்டும்?

சித்தூர் டீச்சர் எழுதியது:

தம்பி, கல்ஃப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நானும் துபாய்ப் பணத்தில் படித்தவள்தான்.

ஆனால் ஏழை நாடு என்றால் நாட்டுக்குள் எல்லோரும் ஏழையா? சூழலியல் அறிஞர் மாதவ் காட்கிலும் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹாவும் 1995-இல் எழுதிய புத்தகத்தில் இந்தியரை மூன்றாகப் பிரித்தார்கள். சுற்றியிருக்கிற மண், தண்ணீர், காட்டை நம்பி வாழ்கிறவர்கள், அதை இழந்து நகரத்துக்கு ஓடி வந்தவர்கள், எங்கிருந்து வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வரவழைத்துச் சாப்பிடுகிறவர்கள். 2 டன் என்பது இந்த மூவருக்கும் போட்ட சராசரி. பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை வந்தபோது வேலியோரம் இருந்த இரவாளர் பழங்குடிக் குடியிருப்புப் பெண்கள் முதல் வகை. அவர்களில் ஒருவரான மயிலம்மா என்ன பொருளாதாரம் படித்தார்? கஞ்சி வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று சொல்லித்தான் 2002 ஏப்ரலில் உட்கார்ந்தார்கள். அது வளர்ச்சிக்கு எதிர்ப்பும் இல்லை, ஆதரவும் இல்லை. ஏழைகளின் சுற்றுச்சூழல்வாதம் என்று குஹாவும் ஸ்பானியப் பொருளாதார அறிஞர் மார்டினெஸ் அலியரும் சொன்னது அதைத்தான்.

அம்பேத்கரைச் சொன்னாய், மறுபக்கத்தில் காந்தியப் பொருளாதார அறிஞர் குமரப்பா இருக்கிறார். தஞ்சாவூர்க்காரர், ஜபல்பூர் ஜெயிலில் உட்கார்ந்து "நிலைத்த பொருளாதாரம்" எழுதினார், 1945-இல். நிலக்கரி, பெட்ரோல் மாதிரி எடுத்தால் தீர்ந்துபோவதை நம்பிய வாழ்க்கை சண்டையில்தான் முடியும், மறுபடி மறுபடி ஊறுவதை நம்ப வேண்டும் என்றார். டேலிக்கு முப்பது வருஷம் முன்னால்.  ஆனால் உன் தாத்தாவின் மரக்காலைப் பற்றிக் கேட்டால் குமரப்பா தருகிற பதில் எனக்குப் போதவில்லை. ஊர் நல்லதாக இருக்கும் என்று அவர் நம்பிவிட்டார்.

பிள்ளைகளுக்கு நான் உளுந்து வடையை வைத்துச் சொல்வேன். பொருளாதார அறிஞர் கேட் ராவொர்த் 2017-இல் எழுதிய "டோனட் பொருளாதாரம்"தான் அது, டோனட்டும் வடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள பண்டம். நடு ஓட்டைக்குள் விழுந்தவர்களுக்குச் சோறு, படிப்பு, வைத்தியம் இல்லை. வெளி விளிம்பைத் தாண்டினால் பூமி தாங்காது. இடையில் இருக்கிற மாவில்தான் எல்லோரும் உட்கார வேண்டும், மொத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை விட்டுவிடுங்கள் என்கிறார். போன வாரம் ஒரு பெண் எழுந்து, டீச்சர், வடையை யார் சுடுகிறார்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அவர் புத்தகத்தில் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

நொய்யல் கரை எழுதியது:

ஸ்மார்ட் சிட்டி வேண்டுமா வேண்டாமா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

மூலத்தறை எழுதியது:

சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். எத்தனை ஏக்கர், எத்தனை கோடி, எத்தனை வேலை என்று எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், எந்த ஆற்றிலிருந்து, மே மாதம் ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது யாருக்கு முதலில் நிறுத்துவார்கள் என்று டீக்கடையில் நான் கேட்டேன், இரண்டு கட்சியிடமும் பதில் இல்லை. 1970-இல் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் போட்டபோது, தமிழ்நாடு கேரளத்துக்கு மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று எழுதினார்களே, அது மாதிரி எழுதியிருந்தால் பேசலாம். அந்த எண் இருப்பதால்தான் ஒவ்வொரு வருஷமும் சண்டையாவது போட முடிகிறது. எண் எழுதாத இடத்தில் சண்டைகூடப் போட முடியாது, கிணறு வற்றிய பிறகு பந்தல்தான் போடலாம். நம் பாலக்காட்டு எலப்புள்ளியில் மதுபான ஆலைக்கு 2025 ஜனவரியில் மாநில அமைச்சரவை முதல் அனுமதி கொடுத்ததும் சனங்கள் கேட்டது தண்ணீரைப் பற்றித்தான், சாராயம் நல்லதா கெட்டதா என்பது அதற்கு அப்புறம்தான் வந்தது.

தம்பி கேட்ட கேள்விக்கும் வருகிறேன், அதைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. எந்த ஊர்? பிளாச்சிமடை இருக்கிற பெருமாட்டிப் பஞ்சாயத்து 2003-இல் அந்தக் குளிர்பான ஆலைக்கு லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. ஹைகோர்ட்டில் அந்த வருஷக் கடைசியில் ஒற்றை நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்குக் காவல்காரன் மட்டுமே என்றார். 2005-இல் இரண்டு நீதிபதிகள் அதை மாற்றி, நாளைக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றார்கள். ஆலை அதற்கு முன்பே நின்றுவிட்டது, மறுபடி திறக்கவில்லை. 2010-இல் உயர்நிலைக் குழு 216 கோடி ரூபாய் நஷ்டம் என்று கணக்குப் போட்டது. அந்தக் குடியிருப்புக்கு அந்தப் பணம் போய்ச் சேரவில்லை. ஆக, ஊர் மறுத்தது, ஊர் ஜெயித்தது, ஆனால் வேலியோரம் இருந்தவர்களுக்கு ஊரும் ஒன்றும் வாங்கித் தரவில்லை. நீ கேட்டது நியாயம்.

அதே சமயம் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பது பற்றிய 2011 காட்கில் அறிக்கையை நினைத்துப் பார். கிராம சபை முடிவு செய்யட்டும் என்று எழுதிய அறிக்கை அது. மலையில் இருந்த சிறு விவசாயிகளுக்கு அதை யாரும் அவர்கள் பாஷையில் படித்துக் காட்டவில்லை. அதே மலைக்காக அடுத்துப் போட்ட கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கையும் சேர்ந்து வந்தபோது, 2013-இல் இடுக்கியில் பந்த் நடந்தது. வெளியேற்றிவிடுவார்கள் என்று பயந்தார்கள். கேட்காமல் தீட்டிய பச்சைத் திட்டமும் சனங்களுக்கு ஆலை மாதிரிதான் தெரியும்.

அதனால் என் முடிவு இப்போதைக்கு இவ்வளவுதான்: அளவு முதலில், அதை அளக்கிற இடத்தில் களத்துக்காரர் மட்டும் இல்லாமல் காலனிக்காரரும் கயிற்றைப் பிடிக்க வேண்டும். நேற்று என் பழைய கிணற்றில் கயிற்றில் கல் கட்டி விட்டுப் பார்த்தேன். முப்பத்தெட்டு அடியில் ஈரம், தண்ணீர் இல்லை. வருகிற பௌர்ணமியிலிருந்து மாசா மாசம் அளந்து இங்கே போடுவேன். முடிந்தவர்கள் உங்கள் கிணற்றையும் போடுங்கள், திறந்த கிணறு மட்டும், போர்வெல் வேண்டாம்.

கோபாலபுரம் எழுதியது:

எங்களுடையது இருபத்தேழு அடியில் தண்ணீர். நிறத்தையும் எழுதலாமா? மஞ்சள்.

சித்தூர் டீச்சர் எழுதியது:

நிறத்தையும் எழுதுங்கள். ஸ்கூல் கிணறு பத்தொன்பது அடி. பிள்ளைகள் அளந்தார்கள், வடைக் கேள்வி கேட்டாளே, அவள்தான் கயிறு பிடித்தாள்.

கஞ்சிக்கோடு ஷிப்ட் எழுதியது:

நைட் ஷிப்ட் முடிந்து வந்து காலனிப் பொதுக் கிணற்றில் அளந்தேன், அப்பா டார்ச் அடித்தார். முப்பத்தொன்று அடி. இரும்பு வாடை வருகிறது. களத்துக் கிணற்றையும் அளக்க விடுவார்களா என்று நாளைக்குப் போய்க் கேட்கிறேன்.